சேக்கிழாரும் ஜானகி அம்மாளும்

நம்முடைய பத்திரிகைகளில் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறவன். கதை எழுதுகிறவனுக்கு மற்றவர்களின் வாழ்க்கையில் இருக்கிற ஆசைதான் காரணம். ஆனால் படித்து முடித்ததும் பெரும்பாலும் ஒரு ஏமாற்றம் மிஞ்சுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பதார்த்தங்களின் பெயரை மட்டும் வரிசையாகப் படித்துக் காட்டி அனுப்பிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதல் பாராவில் "முதல்" என்ற சொல் நாலு தடவை வரும். இன்ன பட்டம் வாங்கிய முதல் பெண், இன்ன சபையில் இடம் பெற்ற முதல் பெண், இன்ன உத்தியோகம் பார்த்த முதல் பெண். அடுத்து, சின்ன வயதுச் சம்பவம் ஒன்று. அதற்கடுத்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிய கதை. பிறகு, பெரிய தலைவர் ஒருவர் அழைத்துப் பேசியது. கடைசியில் விருதுகள், மறைவு, "இவரைப் போல் நம் பெண்களும் முன்வர வேண்டும்" என்ற ஆசி. நடுவில் அந்த அம்மாள் ஐம்பது வருஷ காலம் தினந்தோறும் காலையில் எழுந்து போய் என்னதான் செய்தார் என்று கேட்டால், "பல அரிய ஆராய்ச்சிகளை மேற்கொண்டார்" என்று ஒரே வரி. அந்த வரியை எந்த விஞ்ஞானிக்கும் போடலாம். ஆள் மாறினாலும் வரி மாறாது.

இந்த வார்ப்பில் அதிகமாக அகப்பட்டுக் கொண்டவர் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள். 1897-ம் வருஷம் தலைச்சேரியில் பிறந்தவர். தகப்பனார் சப் ஜட்ஜ். குழந்தைகள் நிறைந்த பெரிய குடும்பம். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து, 1921-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் முடித்தார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது பார்பர் உதவித் தொகை கிடைத்து, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனார். 1931-ல் அங்கே டாக்டர் பட்டம். திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பேராசிரியை. 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம். அதன்பின் 1951 வரை இங்கிலாந்து. நேரு அழைத்ததன் பேரில் தாய்நாடு திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு. 1970-லிருந்து சென்னைச் சர்வகலாசாலையின் மதுரவாயல் ஆராய்ச்சிக் கூடம். 1984 பிப்ரவரியில் மறைவு.

இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் சொன்ன பிறகும் அந்த அம்மாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சீமைக்குப் போக வேண்டாம். ஜானகி அம்மாள் கடைசிக் காலத்தைக் கழித்த மதுரவாயலிலிருந்து போரூர் வழியாகத் தெற்கே பஸ் ஏறினால் குன்றத்தூர் வந்துவிடும். ஜனங்கள் அங்கே குன்றின் மேல் இருக்கிற முருகனைத் தரிசிக்க வருகிறார்கள். கீழே ஊருக்குள் ஒரு திருநாகேசுவரம் இருக்கிறது. கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின் மேல் வைத்த பக்தியால், அதே பெயரில் தம் சொந்த ஊரிலேயே சேக்கிழார் எடுப்பித்த கோயில் அது. வாழ்க்கைச் சரித்திரம் எழுத ஆசைப்படுகிற எவரும் அந்தக் கோயில் வாசலில் சற்று நின்றுவிட்டுப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். சரித்திரம் எழுதுகிற வித்தை தமிழில் எப்படி வளர்ந்தது என்பதற்கு அந்த ஊர்க்காரர்தான் சாட்சி.

தொகை, வகை, விரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகை 11 பாட்டு. அடியார்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போகிற பாட்டு. பக்தி ததும்புகிற பட்டியல்தான், இருந்தாலும் பட்டியல். காரைக்கால் அம்மையாருக்கு அதில் கிடைத்தது "பேயார்" என்ற ஒரே சொல். பிறகு வந்த நம்பியாண்டார் நம்பி, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் வகை செய்தார். 12-ம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் வந்து விரித்தார். "பேயார்" என்ற ஒரு சொல் அவர் கையில் 66 பாட்டாயிற்று.

பாட்டு எண்ணிக்கையைப் பெரிதாக்கியது மட்டும் அவருடைய சாமர்த்தியமாக இருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். சேக்கிழார் ஒவ்வோர் அடியாரையும் அவரவர் தொழிலுக்குள்ளே போய்ப் பார்த்தார். திருக்குறிப்புத் தொண்டர் பெரிய பக்தர் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அவர் யாரோ ஒருவர். குளிர்காலம், கிழவர் கொண்டுவந்த அழுக்குக் கந்தை, பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தருகிறேன் என்ற வாக்கு, பிடித்துக்கொண்டு விடாத மழை, எதிரே துவைக்கிற கல். இவற்றுக்கு நடுவே நிறுத்தியதால் அவர் நமக்கு வேண்டியவராகிவிடுகிறார். சலவைத் தொழிலாளி வானத்தைப் பார்த்துத் தவிக்கிற தவிப்புத்தான் அங்கே பக்தி. கலியருக்குச் செக்கும் எண்ணெயும். அதிபத்தருக்கு வலையும் மீனும். தொழிலை எடுத்துவிட்டால் தொண்டு எங்கே நிற்கும்?

இன்னொன்று. 63 பேரில் பெண்கள் மூன்றே பேர். இசைஞானியாருக்குச் சேக்கிழார் தந்தது ஒரு பாட்டு, மங்கையர்க்கரசியாருக்கு மூன்று. மங்கையர்க்கரசியார் சம்பந்தரின் கதையில் நிறைய வருகிறார் என்பது வாஸ்தவம். ஆனால் தாயாராகவோ ராணியாகவோ இல்லாமல், தன் பாட்டின் பலத்தில் மட்டும் நிற்கிற பெண்ணுக்குத்தான் தனியாக ஒரு முழுச் சரித்திரம். புனிதவதியின் கல்யாணத்தையும் மாம்பழத்தையும் சுவையாகச் சொல்கிற சேக்கிழார், அவர் பாடிய அந்தாதியையும் இரட்டை மணிமாலையையும் பெயர் சொல்லிக் குறிக்க மறக்கவில்லை. மாம்பழத்தோடு நின்றுவிடுகிறவர்கள் நாம்தான்.

பெண் விஞ்ஞானிகள் விஷயத்தில் நாம் இன்னும் தொகையிலேயே நிற்கிறோம். சில பேர் வகை வரையில் வந்திருக்கிறார்கள். விரிக்க வேண்டுமானால் ஜானகி அம்மாளின் துவைக்கிற கல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அது மைக்ராஸ்கோப். அவருடைய வேலையை ஒரே சொல்லில் சொல்வதானால், எண்ணுவது. ஒவ்வொரு ஜீவ அணுவுக்குள்ளும் நூல் துண்டுகளைப் போலக் குரோமோசோம்கள் இருக்கின்றன. பெற்றவர்களின் குணங்கள் பிள்ளைகளுக்கு இறங்குகிற பாதை அவைதாம். மனிதனுக்கு 46, நெல்லுக்கு 24. அணு இரண்டாகப் பிரியும் சமயத்தில்தான் அவை பார்வைக்குத் தனித்தனியே அகப்படும். ஆகையால் வளர்ந்து கொண்டிருக்கிற வேரின் நுனியைக் கத்தரித்து, மருந்தில் போட்டு அந்த நிலையிலேயே நிறுத்தி, மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாயம் சரியாக ஏறாவிட்டால் மறுபடியும் ஆரம்பம். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தால் வேறு அணுவைத் தேட வேண்டும். கண்டதைக் கையால் வரைந்து, வரைந்ததை எண்ணி, எண்ணியதைச் சரிபார்க்க வேண்டும்.

கரும்பில் இந்தச் சங்கடம் பல மடங்கு. தடித்த, இனிப்பான ஆலைக் கரும்பின் மூல இனத்தில் குரோமோசோம்கள் 80. அதற்கு ஒரு காட்டு உறவு உண்டு. நாணல் போல ஆற்றங்கரைகளில் மண்டிக் கிடப்பது. பேய்க்கரும்பு என்கிறோமே, பட்டினத்தார் கையில் பிடித்துக்கொண்டு திரிந்து திருவொற்றியூரில் தித்தித்ததாகக் கதை சொல்கிறோமே, அந்த வகையறா. இதில் 40-லிருந்து 128 வரையில் ஊருக்கு ஒரு கணக்கு. எந்த ஊர்ச் செடிக்கு எத்தனை என்று கண்டு, அந்தக் கணக்குகளிலிருந்து அதன் வம்ச வரலாற்றை ஊகிக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஜானகி அம்மாள் உட்கார்ந்து செய்தது இதைத்தான். இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த காட்டுக் கரும்புகளை எண்ணி, அந்த இனத்துக்கு நம் நாடே தாய்வீடு என்று வாதிக்க ஆதாரம் சேர்த்தார்.

இந்த இடத்தில் ஒரு தவறான புகழைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நம் நாட்டுக் கரும்புக்கு இனிப்பு ஊட்டியவர்" என்று அவரைப் பல கட்டுரைகள் கொண்டாடுகின்றன. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர் நிலையம் தொடங்கியது 1912-ல். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ஆலைக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் இணைத்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றிய ரகங்களின் வரிசை அதிலிருந்து ஆரம்பம். அந்த இணைப்பு நடந்தபோது ஜானகி அம்மாள் தலைச்சேரியில் படித்துக்கொண்டிருந்த சிறு பெண். கோயம்புத்தூருக்கு அவர் வந்தது 1934-ல்.

இதனால் அவர் பெருமை குறைந்துவிடுகிறதா? இல்லை, அவருடைய சொந்தப் பெருமை எது என்று அப்போதுதான் தெரிகிறது. கரும்பைப் புல் குடும்பத்தின் தூரத்து உறவுகளோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துப் பெற்ற செடியைப் பற்றி 1938-ல் "நேச்சர்" பத்திரிகையில் எழுதினார். தர்ப்பை இனத்துப் புல்லோடும் இணைத்தார். இவை எந்த ஆலைக்கும் போகவில்லை. எந்தக் குடியானவனுக்கும் பணம் தரவில்லை. உறவு எவ்வளவு தூரம் வரை சேரும், சேர்ந்தால் குரோமோசோம்கள் எப்படி நடந்து கொள்ளும் என்ற எல்லைக் கோட்டைக் காட்டின. வயலில் பிரயோஜனப்படாத ஒரு செடியின் முன்னே ஒரு விஞ்ஞானி எதற்காக இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்று நமக்குப் புரியும்படி எழுதினால், அது நல்ல நாவலின் ஓர் அத்தியாயத்துக்குக் குறைந்ததாக இராது. சர்க்கரையைக் கொண்டுவந்து போட்டு அந்த அத்தியாயத்தை நாம் கெடுத்துவிடுகிறோம். இல்லாத புகழை ஒருவருக்குக் கொடுப்பது, இருக்கிற புகழைத் திருடுவதில்தான் முடிகிறது. வெங்கட்ராமனுக்கும் அநியாயம், அந்த அம்மாளுக்கும் அநியாயம்.

ஆண்கள் நிறைந்த அந்த நிலையத்தில் தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, அதுவும் அக்காலம் தாழ்வாக நினைத்த ஜாதியில் பிறந்தவருக்கு, மனநிம்மதி இல்லை என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மகாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதும் அங்கேயே தங்கிவிட்டார். லண்டனை அடுத்த ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலை. குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் பதுங்கி, விடிந்ததும் உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்ததாக உறவினரிடம் சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பவம் எனக்குப் பிடிக்கிறது. சம்பவம் என்றால் இப்படித்தான் வேலையை ஒட்டி வர வேண்டும். வேலைக்குப் பதிலாக வரக்கூடாது.

அந்த நாட்களின் பலன், டார்லிங்டன் என்ற பிரபல விஞ்ஞானியோடு சேர்ந்து அவர் 1945-ல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூல். மனிதன் பயிரிடுகிற செடிகளுக்கெல்லாம் குரோமோசோம் கணக்குத் தருகிற புத்தகம். அதை நம் கட்டுரைகள் பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் அதன் பின்னால் ஒரு பெரிய கதை தெரியும். பயிர்கள் மனிதனோடு கூடவே ஊர் ஊராக நடந்திருக்கின்றன. அவற்றின் எண்கள் அவை நடந்த பாதைக்கு அடையாளம். தலைச்சேரி, சென்னை, மிச்சிகன், கோவை, லண்டன் என்று தாமே நடந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்தக் கணக்கை எழுதினார். பத்து வருஷத்துக்குப் பின், 1955-ல், அந்த நூல் பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் உரியதாக விரிந்து வந்தபோது, அட்டையில் டார்லிங்டனோடு இருந்தது வேறொருவர் பெயர். "முதல்" பட்டியலில் இந்த மாதிரி விஷயங்களுக்கு இடம் கிடையாது.

போருக்குப் பின் விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் என்ற மருந்தை மக்னோலியா நாற்றுகளில் பிரயோகித்துக் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அவற்றில் ஒரு மரவகை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எத்தனையோ சிலைகளைவிட இது உயர்ந்த ஞாபகச் சின்னம் என்று எனக்குத் தோன்றுகிறது. வருஷா வருஷம் பூக்கிற சிலை வேறு எங்கே இருக்கிறது?

ஜானகி அம்மாள் ஒருவருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பீர்மேட்டில் பிறந்து சென்னையில் படித்த அன்னா மணி என்றதும், பிறந்த நாளுக்கு வந்த வைரத்தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டாள் சிறுமி என்ற கதை ஓடி வருகிறது. அழகான கதைதான். ஆனால் அந்தச் சிறுமி வளர்ந்து, நம் நாட்டிலேயே செய்வதற்காகச் சுமார் நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். இந்தியாவின் மேல் எங்கெங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளந்து 1980-ல் கையேடு வெளியிட்டார். இன்றைக்கு வீட்டு மாடியில் சூரிய மின்சாரப் பலகை வைக்கிறவர்கள் வைரத்தோட்டைவிட அந்தக் கையேட்டுக்கு அதிகமாகக் கடன்பட்டவர்கள்.

இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். பெண்களுக்குக் கதவு சாத்தியிருந்த காலத்தில் முதலில் நுழைந்தவர் என்பதே பெரிய காரியம் அல்லவா என்பது ஒன்று. பெரிய காரியம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கதவைத் திறந்ததைப் பாடிவிட்டு, உள்ளே போய்ச் செய்ததைப் பாடாமல் விட்டால், வாசல் வரை வந்ததே போதும் என்று சொன்னது போல் ஆகிவிடும். ஆண் விஞ்ஞானிகளை நாம் இப்படி எழுதுவதில்லை. ராமன் என்றால் ஒளிச் சிதறலைப் பற்றி இரண்டு வரியாவது முயன்று எழுதுகிறோம். பெண் என்றதும் மட்டும் நம் பேனா வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவானேன்?

இரண்டாவது ஆட்சேபம்: விஞ்ஞானம் கடினம், கதை படிக்கிற வாசகர்களுக்கு எப்படிப் புரியும்? மேரி கியூரியின் சரித்திரத்தை 1937-ல் எழுதியவர் அவர் இளைய மகள் ஈவ். அவர் விஞ்ஞானி அல்ல. பியானோ வாசித்தவர், பத்திரிகைக்கு எழுதியவர். ஒழுகுகிற கொட்டகையில், கொதிக்கிற கொப்பரையில், தன் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயார் தாதுக் குழம்பைக் கிளறியதை அந்தப் புத்தகத்தில் நாம் பார்க்கிறோம். டன் கணக்கான தாதுக் கழிவிலிருந்து 1902-ல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பு. புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்தத் துளியின் கனம் தெரியும். அவர்கள் ரசாயனம் படித்தவர்கள் அல்ல. ஆசிரியை தொழிலைக் கண்டு பயப்படவில்லை, அவ்வளவுதான். சேக்கிழாரும் சோழ ராஜாவின் மந்திரிதான். துணி துவைத்தவரும் இல்லை, செக்கு ஓட்டியவரும் இல்லை. நின்று பார்த்தார், கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஜானகி அம்மாளுக்கு ஆங்கிலத்தில் 2022-ல்தான் விரிவான சரித்திரம் வந்தது. சாவித்திரி பிரீதா நாயர் எழுதிய பெரிய நூல். மறைந்து 38 வருஷம் கழித்து. தலைச்சேரி அவருடைய பிறந்த ஊர் என்றாலும், படித்ததும் கற்பித்ததும் கரும்பை எண்ணியதும் கடைசி மூச்சு வரை உழைத்ததும் தமிழ்நாட்டு மண்ணில். அதற்கு ஈடான ஒரு நூல் தமிழில் வர வேண்டியது நமக்கு மரியாதை.

அந்த நூலின் கடைசி அத்தியாயம் மதுரவாயலாகத்தான் இருக்க முடியும். எண்பது வயதை ஒட்டிய கிழவி. கேரளத்தில் குந்திப்புழை ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கப் போகிறார்கள், அமைதிப் பள்ளத்தாக்கின் காடு முழுகப் போகிறது என்ற செய்தி வருகிறது. கூட்டம் போட்டு எதிர்த்தவர்கள் பலர். இந்த அம்மாளும் எதிர்த்தார். அதோடு, அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கினார். முழுகப் போவது இன்னது என்று எண்ணிக் காட்டுவதும் ஒரு எதிர்ப்புத்தானே? வாழ்நாள் முழுவதும் தெரிந்த தொழில் அதற்கும் உதவிற்று. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

தமிழில் அந்தப் புத்தகத்தை எழுத எவரேனும் முன்வந்தால் அவருக்கு ஒரு யோசனை சொல்வேன். குன்றத்தூரிலோ தாம்பரத்திலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக் கூடத்தில் அனுமதி கேட்டு அரை நாள் உட்காரட்டும். ஒரு வெங்காயத்தைத் தண்ணீரில் முளைக்க விட்டு, வேர் நுனியைக் கத்தரித்துச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16. பதினாறையும் தம் கண்ணால் எண்ணி முடித்த பிறகு பேனாவை எடுக்கலாம்.